மெத்தென்ற நாற்காலி

வீட்டில் வயதானவர் யாராவது இருந்தால் நாற்காலி வாங்கும்போது கொஞ்சம் பார்த்து வாங்குங்கள் மேடம். கடையில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஆகா, என்ன சுகம் என்று வாங்கிவந்துவிடுகிறார்கள். அமுங்குகிற நாற்காலி ஆகாது. இருக்கை கெட்டியாக இருக்க வேண்டும், முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது, இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும். அப்போதுதான் கையை ஊன்றி, உடம்பை முன்னால் சாய்த்து, அவர்களே எழுந்துகொள்ள முடியும். நீங்கள் இதையெல்லாம் எழுதிக்கொள்ள வேண்டாம், சும்மா சொன்னேன். உங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி என்று நான் ஸ்டேஷனுக்குள் வரும்போது போனில் பேசிக்கொண்டிருந்தீர்களே, அது காதில் விழுந்தது.

டீ வேண்டாம். நீங்கள் கேட்டதற்கே வருகிறேன். நான் பார்த்துக்கொண்ட வார்டன் ஐயாவை அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை, ஒரு அதட்டல்கூடப் போட்டதில்லை. அவர் மகளைக் கேளுங்கள், எதிர்வீட்டுக்காரர்களைக் கேளுங்கள். “பெத்த பொண்ணுகூட இப்படிப் பாத்துக்க மாட்டா” என்று அந்தத் தெருவே என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன்.

எங்கள் வேலையைப் பற்றி வெளியில் இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. முதியவர்களுக்கு எல்லாவற்றையும் நாமே செய்துகொடுப்பதுதான் வேலை என்று நினைக்கிறார்கள். செய்யாமல் இருப்பதுதான் வேலை. ஒருவர் சட்டைப் பொத்தான் போட அரை மணி நேரம் தடவிக்கொண்டிருப்பார். நமக்குக் கை பரபரக்கும். பேசாமல் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டும். விழப்போனால் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். மீறி நாமே போட்டுவிட்டால், நாளைக்கு அந்த விரல் பொத்தானை மறந்துவிடும். கால் இன்னும் மோசம். சில வாரம் தரையில் ஊன்றாமல் வைத்திருந்தால் சதை வற்றிப்போகும், அதற்கு முன்பே தைரியம் வற்றிப்போகும்.

வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன ஓவிய வாத்தியார் ஒருவரை நான் பார்த்துக்கொண்டேன். கரண்டியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். பாதி மேலே கொட்டும். அவர் மனைவி என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று வாய்க்கு வந்தபடி ஏசினார். கடைசியில் மனிதர் தன் காலால் தெருமுனைக் கடைக்குப் போய் எனக்கு வாழைப்பழம் வாங்கிவந்தார். அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். நான் தொட்ட வேலை எல்லாமே அப்படித்தான் இருந்தது. ஒரே ஒரு வீட்டில் மட்டும்தான் மாற்றிச் செய்தேன்.

அதற்குக் காரணம் என் அம்மா.

அம்மா காலில் சக்கரம் கட்டிக்கொண்டவள். வீட்டில் ஒரு இடத்தில் உட்கார மாட்டாள். மாடியில் காயும் துணியை எடுக்கப் போவாள், நாலு வீட்டு வம்பையும் அள்ளிக்கொண்டு இறங்குவாள். ஒரு நாள் சமையலறையில் வழுக்கி விழுந்தாள். நான் அப்போது தையல் ஆலையில் இருந்தேன். லீவு என்ற வார்த்தையைச் சொன்னாலே மேற்பார்வையாளர் முகம் சுருங்கிவிடும். பக்கத்து வீட்டுக்காரி போன் பண்ணியதும் நான் மிஷினை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தேன். பெரிய அடி இல்லை, வீக்கம்தான். ஆனாலும் வேறு வழி இல்லாமல் அம்மாவை ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்க வேண்டியதாயிற்று. சேர்க்கும்போது, எல்லாரும் சொல்வதுபோல, நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த இல்லத்தின் வார்டன்தான் இவர். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத பேண்ட், சாவிக்கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டே நடப்பார். அங்கே விழக்கூடியவர்களை எழுந்திருக்க விடுவதில்லை. நாற்காலியில் உட்காரவைத்து இடுப்பில் பட்டை போட்டுவிடுவார்கள். அம்மாவுக்கும் போட்டார்கள். நாலு விரல் அகலத்துக்கு ஒரு நீலப் பட்டை. உள்ளே பஞ்சு வைத்து, ஓரத்தில் இரட்டைத் தையல் போட்டது. தையல்காரி என்பதால் இதெல்லாம் மனதில் நின்றுவிட்டது. கொக்கி முதுகுப் பக்கம், அம்மாவின் கை எட்டாத இடத்தில். ஒரு மனுஷியைக் கட்டிப்போட்டதும் போதாது என்று கொக்கியையும் முதுகுப் பக்கம் வைக்க எப்படிப்பட்ட மனசு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் போகும்போதெல்லாம் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்பாள். “என்னைக் கொஞ்சம் எழுப்பி விடேன்டி.” நான் தலையணையைச் சரிசெய்துவிட்டு வருவேன். வேறு என்ன செய்ய முடியும், அவர்கள் சட்டம் அது. வார்டன் வாசல்வரைக்கும் வந்து, “இங்க வந்ததுக்கப்புறம் உங்கம்மா ஒரு தடவைகூட விழல, பாத்தீங்களா?” என்பார். பெருமையாகச் சிரிப்பார். அம்மா விழவில்லை என்பது உண்மைதான். கால் சூம்பியது, இடுப்புக்குக் கீழே புண் வந்தது, புண்ணிலிருந்து காய்ச்சல் வந்தது. உட்கார்ந்த நாற்காலியிலிருந்து நேராகக் கட்டிலுக்குப் போனாள், கட்டிலிலிருந்து போய்ச் சேர்ந்தாள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை மேடம். அவர் நாசமாகப் போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் தினமும் தூங்கினேன்.

அம்மா போன பிறகு தையலை விட்டுவிட்டு இந்த வேலைக்குப் படித்தேன். வருஷங்கள் ஓடின. வீடுகளுக்கு ஆள் அனுப்பும் அலுவலகத்தில் ஒரு விலாசம் கொடுத்தார்கள். மாடி வீடு. கீழே ஒரு சலூன், பக்கத்தில் குறுகலான படி. ஏறிப் போய் மணி அடித்தால், வாக்கரைப் பிடித்துக்கொண்டு அந்த வார்டனே வந்து கதவைத் திறந்தார். இடுப்பு எலும்பு உடைந்து ஆபரேஷன் ஆகியிருந்தது. முடி கொட்டிப்போய், சட்டை தொளதொளவென்று தொங்கியது. கையில் சாவிக்கொத்து இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். திரும்பிப் போயிருக்கலாம். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனேன்.

மகள் தங்கமான பெண். ஏதோ கம்பெனியில் வேலை, காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. “அக்கா, அப்பாவுக்கு ஒரே ஆசைதான். கீழ இருக்கிற சலூனுக்கு அவரே இறங்கிப் போகணுமாம். அது ஒண்ணு நடந்தா போதும்” என்றாள். சலூன்காரரும் இவரும் ரொம்ப காலத்துச் சிநேகிதர்களாம். பேப்பரைப் படித்துவிட்டு ஆளுக்கு ஒரு கட்சியாகச் சண்டை போடுவார்களாம். ஒரு மாடிப் படி இறங்குகிற ஆசை. நான் நினைத்திருந்தால் இரண்டு மாதத்தில் இறக்கியிருப்பேன். அந்த எலும்பு நன்றாகத்தான் சேர்ந்திருந்தது.

முதலில் நாற்காலி. அவர் உட்கார்ந்தது கைப்பிடி வைத்த பழைய மரநாற்காலி. ஐயாவுக்கு முதுகு உறுத்துகிறது, மெத்தென்று ஒன்று வாங்கினால் நல்லது என்று மகளிடம் சொன்னேன். பாவம், இருப்பதிலேயே உசத்தியானதாகப் பார்த்து வாங்கிவிட்டாள். உட்கார்ந்தால் ஆளை விழுங்கிவிடும். முழங்கால் மேலே, இடுப்பு கீழே. “அடேயப்பா, ராஜா மாதிரி இருக்கு” என்று சந்தோஷப்பட்டார். அதிலிருந்து எழ நல்ல கால் உள்ளவர்களே இரண்டு தடவை முக்க வேண்டும். பட்டையும் வேண்டாம், கொக்கியும் வேண்டாம். மரநாற்காலியைப் பால்கனியில் போட்டு அதன்மேல் ஒரு செடித்தொட்டியைத் தூக்கி வைத்தேன்.

பிறகு வாக்கர் இடறுகிறது என்று கதவுக்குப் பின்னால் போனது. ஒரு மணி வாங்கி அவர் கையில் கொடுத்தேன். அடித்தால் ஓடிவந்துவிடுவேன். சில சமயம் அடிக்கும் முன்பே வந்துவிடுவேன். தண்ணீர் குடிக்கக் கையை நீட்டினால் டம்ளரை வாயில் வைத்துவிடுவேன். சாப்பாட்டை ஊட்டிவிட்டேன். சட்டை மாட்டிவிட்டேன். கக்கூசுக்கு நடந்துகொண்டிருந்தவருக்குப் பாத்திரம் வைத்தேன், அப்புறம் அணையாடை. “எதுக்கும்மா, நானே போவேனே” என்று கொஞ்ச நாள் முரண்டு பிடித்தார். “விழுந்துடுவீங்க ஐயா” என்பேன். எழப் பார்த்தால் “விழுந்துடுவீங்க.” காலை நீட்டினால் “பாத்து, விழுந்துடுவீங்க.” அன்பாகத்தான் சொல்வேன். அதை அவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன், அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

பயிற்சி கொடுக்கப் பிசியோதெரபிஸ்ட் பையன் ஒருவன் வருவான். அவன் வருகிற நேரம் பார்த்து வெந்நீரில் குளிப்பாட்டி, வயிறு நிறைய ஊட்டி, அந்த நாற்காலியில் சாய்த்துவிடுவேன். கண் சொக்கும். “இன்னைக்கு வேணாம் தம்பி” என்று அவரே சொல்லிவிடுவார். பையனும் எத்தனை நாள்தான் வந்து திரும்புவான்? பயிற்சியை என்னிடம் சொல்லிக்கொடுத்துவிட்டு, “அக்கா இருக்காங்க, இனிமே நான் எதுக்கு?” என்று போய்விட்டான். அந்தப் பயிற்சி எல்லாம் எனக்கு ஏற்கெனவே மனப்பாடம்.

மாதங்கள் போயின. கெண்டைக்கால் கயிறாகிவிட்டது. எண்ணெய் தேய்க்கும்போது என் விரலுக்கு நன்றாகத் தெரியும். “எனக்குக் கால் இருக்கிற மாதிரியே தெரியலம்மா” என்பார். அழுவார். நான் முந்தானையால் துடைத்துவிடுவேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை உங்களிடம் மறைக்கவில்லை. நெஞ்சுக்குள் எத்தனையோ வருஷமாகக் கனன்ற ஒன்றில் யாரோ தண்ணீர் ஊற்றியதுபோல இருந்தது. ஒரு நாள் மத்தியானம், நான் ஜன்னலை மூடிக்கொண்டிருந்தபோது, அவர் கேட்டார். “என்னைக் கொஞ்சம் எழுப்பி விடேம்மா.”

அந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தேன். பக்கத்தில் போய்த் தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்தேன்.

என் கணக்கு அத்தோடு தீர்ந்திருக்கும். அவர் அப்படியே உட்கார்ந்திருப்பார், நான் அப்படியே பார்த்துக்கொண்டிருப்பேன். சலூன்காரர் வந்துதான் எல்லாம் தலைகீழானது.

அன்று ஞாயிற்றுக்கிழமை, மகளும் வீட்டில் இருந்தாள். சலூன்காரர் பையைத் தூக்கிக்கொண்டு மேலேயே வந்துவிட்டார். “நீங்க கீழ வர்ற வழியக் காணோம். அதான் கடையையே தூக்கிட்டு வந்துட்டேன்” என்றார். தொந்தியும் தொண்டையும் பெரிய மனிதர். மெத்து நாற்காலியில் புதைந்துகிடந்தவரைச் சுற்றிச் சுற்றி வந்தார். “இந்தப் பள்ளத்துல கெடந்தா நான் எப்படிச் சவரம் பண்றது? கிணத்துக்குள்ள எறங்கியா?” என்று சிரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பால்கனிக்குப் போய், தொட்டியை இறக்கிவிட்டு மரநாற்காலியைத் தூக்கிவந்தார். அவரும் மகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வார்டன் ஐயாவை அதில் உட்காரவைத்தார்கள். விழுந்துவிடுவார் என்று சொன்னேன். “விழுந்தா நான் எதுக்கு மலை மாதிரி நிக்கிறேன்?” என்றார்.

துணியைக் கழுத்தில் கட்டி, நுரை போட்டு, வம்பு பேசிக்கொண்டே சவரம் செய்தார். எப்போதும் போலச் சண்டையும் வந்தது. வார்டன் ஐயா குரல் அத்தனை பலமாக அந்த வீட்டில் கேட்டு நாளாகியிருந்தது. எல்லாம் முடிந்ததும் சலூன்காரர் கழுத்துத் துணியை அவிழ்த்து, படீரென்று ஓர் உதறு உதறி, பழக்க தோஷத்தில் “ம், அடுத்து!” என்றார். கடையில் அப்படித்தானாம், துணியை உதறினால் உட்கார்ந்திருப்பவர் எழுந்து இடம் விட வேண்டும். எத்தனை வருஷத்துப் பழக்கமோ. வார்டன் ஐயா இரண்டு கையையும் கைப்பிடியில் ஊன்றினார், முன்னால் சாய்ந்தார், எழுந்து நின்றுவிட்டார்.

முழங்கால் வெடவெடவென்று ஆடியது. ஆனாலும் நின்றார். தான் நிற்பது அவருக்கே பிறகுதான் தெரிந்தது. மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சலூன்காரர் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “யோவ், நல்லாத்தான்யா நிக்கிற! அடுத்த மாசம் கடைக்கு வர்ற. வரல, உனக்கு மொட்டை அடிச்சு விட்டுடுவேன்” என்றார். மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

போகும்போது சலூன்காரர் மெத்து நாற்காலியை ஒரு தடவை கையால் அமுக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “தங்கச்சி, அந்த மரநாற்காலி மேல தொட்டிய வச்சது யாரு?” என்று கேட்டார். “நான்தாண்ணே, செடிக்கு வெயில் படட்டுமேன்னு” என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு இறங்கிப் போனார். உங்களிடம் வந்து சொன்னது அவர்தானே? சொல்ல வேண்டாம், நானே புரிந்துகொள்கிறேன்.

மறுநாள் மகள் வார்டன் ஐயாவை மரநாற்காலியிலேயே உட்காரவைத்துவிட்டு வேலைக்குப் போனாள். போகும்போது, “அக்கா, இனிமே தினம் கொஞ்சம் நிக்க வைங்கக்கா” என்றாள். சரி என்றேன். நான் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்து, “உன்னை எனக்கு மொத நாளே தெரிஞ்சுபோச்சும்மா” என்றார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னா நீ போயிடுவியோன்னு பயம். அப்புறம் அந்த மெத்து நாற்காலில உக்காந்து உக்காந்து, நீ எதுக்கு இப்படிப் பண்றேன்னும் புரிஞ்சுபோச்சு. எனக்கு வேண்டியதுதான்னு இருந்துட்டேன்” என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. “உங்கம்மாவை நான் கட்ட வேணாம்னுதான் சொன்னேன். நல்லா நடக்கிற பொம்பளய எதுக்குக் கட்டணும்னு கேட்டேன். நீதான் கேக்கல. இன்னொரு தடவ விழுந்தா என்னால வேலைய விட்டுட்டு ஓடிவர முடியாது, எழுந்திரிக்கவே விடாதீங்கன்னு ஆபீஸ் ரூம்ல நின்னு அழுத. நானும் சரின்னுட்டேன். என் தப்புதான். ரெண்டு பேருக்கும் பங்கு இருக்கும்மா. விடு. இந்தா, கையக் குடு, எழுந்திரிக்கிறேன்.”

ரெண்டு பேருக்கும். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார் பாருங்கள்.

எழும்போது பலவீனமான பக்கத்தில் நின்று இடுப்பில் கைகொடுக்க வேண்டும். நான் மற்றப் பக்கம் நின்றிருந்தேன், கையில் துண்டு. அவர் ஒரு கையைக் கைப்பிடியில் ஊன்றி எழுந்தார். இன்னொரு கையை என்னிடம் நீட்டினார். நான் துண்டை இரண்டாக மடித்து, நான்காக மடித்தேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தள்ளினாயா என்று கேட்டீர்கள். தள்ளவில்லை. விரல்கூடப் படவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் எங்கள் வேலை என்று முதலிலேயே சொன்னேனே.

விழுந்த சத்தம் பெரிதாக இல்லை. எலும்பு போனது மட்டும் தெளிவாகக் கேட்டது. மணி அவர் கைக்குப் பக்கத்தில் கிடந்தது, எடுத்து மேசைமேல் வைத்தேன். பிறகு அந்த மெத்தென்ற நாற்காலியில் உட்கார்ந்தேன். அத்தனை மாதத்தில் அதில் நான் உட்கார்ந்தது அன்றுதான். நல்ல சுகம், பொய் சொல்லக் கூடாது. கீழே இருந்து அவர், “என்னைக் கொஞ்சம் எழுப்பி விடும்மா” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். “விழுந்துடுவீங்க ஐயா” என்றேன். மத்தியானத்துக்கு மேல் கேட்பதை நிறுத்திவிட்டார். மகள் வருகிற நேரம் ஆனதும் எழுந்து ஆம்புலன்சுக்குப் போன் பண்ணினேன். எழுவதற்குக் கொஞ்சம் சிரமமாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் அந்த வாரம் தாண்டவில்லை, அது உங்களுக்கே தெரியும்.

நான் செய்ததை எல்லாம் சொல்லிவிட்டேன். செய்ய வேண்டும் என்றுதான் செய்தேன். அவர் சாக வேண்டும் என்று நினைத்தேன், செத்தார். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள். ஆனால் ஒன்று மட்டும் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். அம்மாவைக் கட்டச் சொன்னது நான் என்று அவர் சொன்னது சுத்தப் பொய். அந்த வயதில் ஞாபகம் ஒன்றோடொன்று கலங்கிப்போகும், எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருப்பேன். பெற்ற தாயைப் பற்றி யார்தான் அப்படிச் சொல்ல மாட்டார்கள்? இல்லத்தில் கொடுத்த பட்டை முரட்டுக் கித்தான் துணி மேடம். அம்மாவின் இடுப்பெல்லாம் கோடுகோடாகக் கன்றிப்போயிருந்தது. அதைப் பார்த்து மனசு கேட்காமல்தான் ஒரு நாள் லீவு போட்டு உட்கார்ந்து, அம்மாவுக்குப் பிடித்த நீலத்தில் அந்தப் பட்டையை என் கையால் தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கட்டிப்போடச் சொன்னவள் அப்படிப் பார்த்துப் பார்த்துத் தைப்பாளா? கொக்கியை முதுகுப் பக்கம் வைத்ததுகூட, முன்னால் வைத்தால் அம்மாவின் வயிற்றில் உறுத்துமே என்றுதான்.